கோணமானி, மூலைமட்டம், ஜியோஜீப்ரா: கோணப் பயிற்சியில் நெடுநாள் அனுபவம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லித்தரும் நான், கோடுகள், கோணங்கள் பகுதிக்கு வடிவியல் பெட்டியின் கருவிகளையும் ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கைக்கருவி நன்கு பழகிய பிறகே மென்பொருள் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரைவட்டக் கோணமானியில் 0 முதல் 180 வரையிலான எண்கள் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை அச்சிடப்பட்டிருப்பதால், 50 பாகைக் கோணத்தை 130 என்று படிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அளப்பதற்கு முன்பே அது குறுங்கோணமா விரிகோணமா என்று கண்ணால் பார்த்து எழுதச் செய்தால் இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பல கோணமானிகளில் சுழியக் கோடு அடிவிளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். விளிம்பையே கதிரின் மேல் வைத்தால் அளவு தவறும் என்பதை முதல் நாளே காட்டிவிட வேண்டும். வாங்கும்போது எண்கள் எளிதில் அழியாத, ஒளிபுகும் கோணமானியாகப் பார்த்து வாங்குவது நல்லது. கதிர்கள் நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்ற எண்ணம் மட்டும் எளிதில் போவதில்லை. சிறிய கதிர்களைக் கொண்ட 70 பாகைக் கோணத்தையும் நீண்ட கதிர்களைக் கொண்ட 40 பாகைக் கோணத்தையும் அருகருகே வரைந்து அளக்கச் சொல்வதே இதற்கு நான் கண்ட வழி.

பெட்டியைவிட்டு வெளியே வராத மூலைமட்டங்கள்மீது, அதாவது 45-45-90, 30-60-90 பாகைக் கோணங்கள் கொண்ட இரண்டு முக்கோணக் கருவிகள்மீது, எனக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டையும் சேர்த்தும் கழித்தும் 75, 15 பாகைகளை வரையலாம் என்பதோடு, ஒன்றை அளவுகோலின் ஓரமாக நகர்த்தி இணைகோடுகள் வரையும்போது, ஒத்த கோணங்கள் (இரு கோடுகளிலும் ஒரே நிலையில் அமையும் கோணங்கள்) சமமாக இருப்பதால்தான் அக்கோடுகள் இணையாகின்றன என்பதைப் பிள்ளை தன் கையாலேயே உணர்கிறது.

2001ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ரா, தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடு பகுதி வழியே பலருக்கும் அறிமுகமானது. இரு இணைகோடுகளையும் வெட்டிச் செல்லும் கோடான குறுக்குவெட்டியை இழுத்துச் சாய்க்கும்போது எட்டுக் கோணங்களும் மாறினாலும், அவற்றுள் இரண்டு அளவுகளே இருப்பதும், செங்குத்தாகும்போது எட்டும் 90 பாகையாவதும் திரையில் தெரிகின்றன. இணைகோடுகளில் ஒன்றை மட்டும் சற்றே திருப்பினால் ஒத்த கோணங்களின் சமத்துவம் குலைந்துபோக, கோடுகள் வெட்டும் புள்ளியில் எதிரெதிரே அமையும் குத்தெதிர்க் கோணங்கள் மட்டும் சமமாகவே நிற்பது, காகிதத்தில் பல படங்கள் வரைந்தாலும் இவ்வளவு தெளிவாக வராத பாடம்.

ஒரு குறையும் உண்டு. கோணத்தின் மூன்று புள்ளிகளை வரிசை மாற்றித் தொட்டால் 60 பாகைக்குப் பதிலாக 300 என்று காட்டும். 180 பாகைக்கு மேற்பட்ட பின்வளை கோணத்தைப் படிக்காத பிள்ளை அங்கேயே குழம்பிவிடும். கோணத்தின் அமைப்புகளில் 0 முதல் 180 பாகை வரை என்ற வரம்பை முன்கூட்டியே தேர்ந்துவைத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது இதற்குப் போதும்.