ஓட்டுநரா, காரா?

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் தமிழ் நண்பர் கூட்டத்தில், ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் வெற்றிக்குக் காரணம் ஓட்டுநரா, காரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பக்கத்தில் கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில் 2011 முதல் 2013 வரை நடந்த மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்களையும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். ஓட்டியது ரெட் புல் அணியின் கார்.

கார் கட்சிக்கு அந்த 2011 பந்தயமே போதும். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், பின்வரிசை அணியான ஹெச்ஆர்டியின் காரில் 17ஆவதாக வந்தார். அவருக்குப் பின்னால் 18ஆவது, அதே அணியின் டேனியல் ரிக்கியார்டோ. 2014இல் ரெட் புல்லுக்குப் போனதும் அதே ரிக்கியார்டோ மூன்று பந்தயங்களை வென்றார். ஆள் மாறவில்லை, கார்தான் மாறியது. 2020இல் பஹ்ரைனில் நடந்த சாகிர் பந்தயமும் அப்படித்தான்: அதுவரை வில்லியம்ஸ் அணியில் ஒரு புள்ளிகூட எடுக்காத ஜார்ஜ் ரஸ்ஸல், சாம்பியன் ஹாமில்டனுக்குப் பதிலாக முன்னணி அணியான மெர்சிடிஸில் உட்கார்ந்ததுமே முன்னணியில் ஓடினார்.

சரி, திறமைக் கட்சி? ஒரே அணிக்குள் பார்த்தால் அவர்கள் கை ஓங்கும். 2014இல் ரிக்கியார்டோ மூன்று முறை வென்ற காரில் வெட்டலுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2024இல் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் சாம்பியன், அதே அணியில் அவரோடு ஓட்டிய பெரஸ் எட்டாமிடம்.

ஆக, அணிகளுக்கு நடுவே கார், ஒரே அணிக்குள் ஓட்டுநர் என்பது என் கணக்கு. மழை வந்தால் மட்டும் கொஞ்சம் தடுமாறும். 2008இல் இத்தாலியின் மோன்சாவில் மழைக்கு நடுவே வெட்டல் சின்ன அணியான டோரோ ரோஸ்ஸோவை வைத்தே ஜெயித்தார். உள்ளே இருந்தது பெரிய அணியான ஃபெராரியின் எஞ்சின் என்று சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும்.