கேரவனுக்கு ‘ஆட்டம் தடுக்கும் பெட்டி’ மாட்டப் போகிறீர்களா? அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

கேரவன் என்றதும் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வேனை நினைக்காதீர்கள். நான் சொல்வது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற, படுக்கையும் அடுப்பும் வைத்த ஒற்றை அச்சு டிரெய்லர். சாமான்களோடு 1,100 கிலோ. நாங்கள் பண்ணைக்காட்டில் இருக்கிறோம். வாலாட்டத்தைத் தடுக்கும் எலக்ட்ரானிக் கருவி மாட்டித் தருகிறேன் என்று அடிவாரத்துப் பட்டறைக்காரர் ஒருவர் 62,000 ரூபாய் வாங்கினார். கொடைக்கானலில் இன்னும் இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறாராம், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கருவி என்ன செய்ய வேண்டும் என்பதே எனக்குக் காசு போன பிறகுதான் புரிந்தது. டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தால் சென்சார் கண்டுபிடிக்கும். உடனே ஒரு சின்ன மோட்டார் டிரெய்லரின் பிரேக் கம்பியை இழுக்கும். இரண்டு சக்கரமும் பிடித்ததும் டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். ஐரோப்பாவில் ஆல்கோ ஏடிசி என்று விற்பது இந்த வகைதான். பெட்டிக்கென்று தனிச் சக்தி எதுவும் கிடையாது. பிரேக் இருந்தால்தான் அதற்கு வேலை.

மாட்டி முடித்ததும் பட்டறைக்காரர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மலைப்பாதையில் ஏறி இறங்கிக் காட்டினார். “பாருங்க சார், ஆடுதா? கல்லு மாதிரி வருது!” கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் எந்த டிரெய்லர் ஆடும்? வாலாட்டம் வேகத்தில் வருகிற வியாதி. நான் அதை யோசிக்கவில்லை. கொக்கிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வேறு எரிந்ததா, திருப்தியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஆடி மாதம் பழனி வழியாக இறங்கி, உடுமலையிலிருந்து பல்லடம் ரோட்டைப் பிடித்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே குறுக்கே அடிக்கும், காற்றாலைகளே சாட்சி. குடிமங்கலம் தாண்டி 75-ல் போகும்போது ஒரு டேங்கர் லாரி முந்தியது. அது கடந்த நொடியில் பின்னால் யாரோ காரின் வாலைப் பிடித்து உலுக்கியதுபோல் இருந்தது. இடது, வலது, மறுபடி இடது, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக. ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. “என்னங்க, நிறுத்துங்க!” என்று மனைவி கத்தினாள். நல்லவேளை, பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். 40-க்கு வந்ததும் அடங்கியது.

பல்லடத்தில் ஒரு மெக்கானிக் தம்பி அடியில் படுத்துப் பார்த்தார். “அண்ணா, இதைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.” பெட்டியிலிருந்து வந்த கேபிள் பிரேக் கம்பியில் மாட்டப்படவே இல்லை. அச்சோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தது. பச்சை விளக்கின் ஒயர் பெட்டிக்குள்ளேயே போகாமல் நேராக பிளக்குக்குப் போனது. கரண்ட் இருந்தால் எரியும், அவ்வளவுதான். அவர் பிரேக் கம்பியைக் கையால் இழுத்துப் பிடிக்க, நான் சக்கரத்தைச் சுற்றினேன். தாராளமாகச் சுற்றியது. லைனிங் அவ்வளவு தேய்ந்திருந்தது. கேபிளை மாட்டியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

என் தப்பும் உண்டு. தண்ணீர் கேன், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கியிருந்தேன். மாட்டுவண்டி பின்பாரமானால் நுகத்தடி தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும் என்று தாத்தா சொல்லிக் கேட்டவன் நான். வீட்டுக்கு வந்து, எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தால் வெறும் 25 கிலோ. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், அதாவது 55-லிருந்து 77 கிலோ முன்னால் கொக்கியில் அழுத்த வேண்டும், குறைந்தால் வாலாட்டம் சுலபமாக வரும். பட்டறைக்காரர் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன் செய்தேன். “மலைல மெதுவாத்தானே சார் ஓட்டுவீங்க, அதுக்கு வேலையே வராதே” என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. பில்லில் ‘எலக்ட்ரிக்கல் வேலை’ என்று மட்டும் கையால் எழுதியிருக்கிறது. மாடல் பெயர் இல்லை, சீரியல் எண் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்தபோது அவர்கள் முதலில் கேட்டதே அந்த இரண்டையும்தான். பல்லடத்துத் தம்பி எடுத்த போட்டோக்களை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.