அமிர்தசரஸ் பிரிவினை அருங்காட்சியகம்: அவசியம் போகலாம்

பொற்கோயிலில் இருந்து நடந்தே போய்விடலாம், பழைய டவுன் ஹால் கட்டடம், 2017இல் திறந்தார்கள். 1947 என்றால் நமக்குக் கொடியும் மிட்டாயும்தான், பஞ்சாபிப் பெரியவர்களுக்கோ வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பவே முடியாத வருடம். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி கலவரத்தில் பிரிந்து, அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் மறுபடி சந்தித்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பூவேலை மேலங்கியும் மாப்பிள்ளையின் தோல் பெட்டியும் இங்கே இருக்கின்றன. பிழைத்து வந்தவர்கள் திரையில் பேசுகிறார்கள். இத்தனை வருடம் அடக்கி வைத்ததைக் கொட்டியதில் அவர்களுக்குப் பாதி ஆறுதலாவது கிடைத்திருக்கும், ஆனால் கேட்கிற பேரப்பிள்ளைகளுக்கு அது புதுப் பாரம் (சிலருக்குக் கோபமும்கூட). சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம், கலவரக்காரர்களிடம் சிக்காமலிருக்கப் பெண்கள் குதித்து உயிர்விட்ட கிணற்றைப் பற்றியெல்லாம் வருகிறது. அப்புறம், இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.