மூணாறு மழைக்கு எந்த ஐரிஸ்?

ஐரிஸ் பூச்செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது மழையை. தாடி ஐரிஸ், லூசியானா ஐரிஸ், வாக்கிங் ஐரிஸ் மூன்றையும் தேயிலைத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) முற்றத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

தாடி ஐரிஸைப் படத்தில் பார்த்தால் யாருக்கும் மனசு போகும். மூன்று இதழ் நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே மடிந்து தொங்கும். தொங்கும் இதழின் நடுவே கம்பளிப்பூச்சி படுத்த மாதிரி ஒரு கற்றை இருக்கும், அதுதான் தாடி. இதன் கிழங்கை இஞ்சி மாதிரி புதைக்கக் கூடாது. பாதி முதுகு வெளியே தெரிய, வெயிலில் காய வேண்டும். பூக்கக் குளிரும் வேண்டும். குளிருக்கு நம்மிடம் பஞ்சமில்லை, ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி. ஜூனில் பிடிக்கிற மழைதான் சிக்கல்.

ஆன்லைனில் வாங்கி நட்ட நான்கு கிழங்கும் ஆடிக்குள் போய்விட்டன. இலையைத் தொட்டேன், விசிறி மாதிரி நிற்கிற இலைக்கட்டே கையோடு வந்தது. அடியில் கிழங்கு கனிந்த வாழைப்பழம் மாதிரி நசுங்கி, குடலைப் புரட்டும் நாற்றம். பாக்டீரியா அழுகல் அது. நல்ல சதை தெரியும்வரை வெட்டிக் காயவைத்தால் பிழைக்குமாம். ஆடி மாதம் மூணாற்றில் எதைக் காயவைப்பது?

அதே தாடி ஐரிஸ் காந்தலூரில் எங்கள் பூச்செடிக் குழு அக்கா வீட்டில் நன்றாக இருக்கிறது. அது மழை மறைவுப் பகுதி, குளிரும் உண்டு. மேட்டுப்பாத்தியில் சரளை கலந்து நட்டிருக்கிறார். மூன்றாம் வருடம் ஒரு தண்டு பூத்தது, ஊதா. அதைப் பார்க்கவே பஸ் ஏறிப் போனேன்.

மூணாற்றுக்கு என் ஓட்டு லூசியானாவுக்கு. அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பில் வளர்கிற இனம். ஈரமும் புளிப்பு மண்ணும் கேட்கும், தேயிலை வளர்கிற மண்ணும் புளிப்புதானே. சேம்பு நிற்கிற ஓடையோரத்தில், அரை நாளாவது வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்து, மக்கிய சாணம் தாராளமாகப் போட்டேன். தாடி கிடையாது, பூ அகலமாக விரியும். கோடையில் மட்டும் மண் காயவிடக் கூடாது.

வாக்கிங் ஐரிஸ் உண்மையில் ஐரிஸ் இல்லை, அதே குடும்பத்துப் பிரேசில் செடி. காலையில் விரிகிற பூ சாயங்காலம் சுருண்டுவிடும். ஆனால் பூத்த தண்டின் நுனியில் ஒரு குட்டிச்செடி முளைத்து, கனம் தாங்காமல் தரையில் சாய்ந்து, விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும். அப்படியே நடந்து நடந்து பாத்தி நிறைந்துவிடும். நிழலிலும் வரும். முதன்முதலாக வளர்க்கிறவர்கள் இதில் தொடங்கலாம். மறையூர் மாதிரி வறண்ட இடத்துக்கு ஐரிஸ் குடும்பத்து ஆப்பிரிக்கச் செடியான டயட்டீஸ் போதும்.

சரி, செடி எங்கே வாங்குவது? ஆன்லைனில் நிறம் கிடைக்கும். ஆனால் அந்தக் கிழங்கு எந்த மண்ணில் வளர்ந்தது என்று தெரியாது. குழுவில் கிடைக்கிற கிழங்குத் துண்டு நம் மழையை ஏற்கெனவே பார்த்தது. தாய்ச்செடியை நேரில் பார்க்கலாம், வாடினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கலாம். ஐரிஸ் கிழங்கு மூன்று நான்கு வருடத்தில் நெருங்கிக்கொள்ளும், பிரிக்காவிட்டால் பூ குறையும். அதனால் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டிய செடி இது. அமெரிக்காவில் 1920-லேயே ஐரிஸுக்கென்று தனிச் சங்கம் அமைத்துவிட்டார்கள். எங்கள் குழு பத்துப் பன்னிரண்டு பேர்தான், தேநீரும் அவித்த கப்பையும் வைத்துக்கொண்டு கிழங்கு பிரிப்போம். துண்டு வாங்கியவர் அடுத்த வருடம் வேறொன்று கொண்டுவர வேண்டும், இதுதான் கணக்கு.

என் லூசியானாவை வரும் புரட்டாசியில் பிரிக்கப் போகிறேன். இரண்டு பங்கு ஏற்கெனவே பேசியாகிவிட்டது. மூன்றாவதைக் காந்தலூர் அக்கா கேட்டிருக்கிறார், அவர் வீட்டு வாய்க்கால் ஓரத்தில் வைக்க.