பாய்மரப் பந்தயத்தைப் பசுமையாக்க எந்த வழி தேறும்?

பாய்மரப் படகு காற்றில் ஓடுவது. அதனாலேயே இந்த விளையாட்டு பிறவியிலேயே சுத்தம் என்று பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு. பந்தய நாளன்று கரையில் கொஞ்ச நேரம் நின்றால் அந்த நினைப்பு ஆட்டம் காணும். வெள்ளைப் பாய்களுக்கு நடுவே பெட்ரோல் படகுகள் உறுமிக்கொண்டு ஓடும். ஒன்றில் நடுவர்கள், ஒன்றில் பந்தயப் பாதையைக் காட்டும் மிதவை போடுகிறவர்கள், இரண்டு மூன்றில் கவிழ்ந்தவர்களைத் தூக்கிவிடுகிறவர்கள், மிச்சத்தில் பயிற்சியாளர்கள். பின்னால் திரும்பினால் வண்டி நிறுத்துமிடம் முழுக்க டிரெய்லர் கட்டிய கார்கள்.

இதையெல்லாம் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை ஒழி, மின்மோட்டார் வாங்கு, ரோபோ மிதவை போடு, பொதுப்படகு வை, மரம் நடு. எல்லாமே நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் எதைக் காப்பாற்றுகிறது என்பதில்தான் குழப்பம். என் பழக்கம், ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்வது. ஒரு பக்கம் காற்றுக் கணக்கு, அதாவது கரியமில வாயு. மறுபக்கம் நீர்க் கணக்கு, அதாவது போட்டி நடக்கிற அந்தத் தண்ணீருக்கும் அதில் வாழ்வதற்கும் நேர்கிற கெடுதல். ஒரு பக்கத்தில் பெரிய ஆளாக நிற்கும் யோசனை மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் போவதுண்டு.

சொந்தப் படகா, பொதுப்படகா?

முதலில் ஒரு உத்தேசக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். டிரெய்லர் இழுக்கும் கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்து போனால் 60 லிட்டர். அப்படி 50 கார் வந்தால் 3,000 லிட்டர், கிட்டத்தட்ட 7 டன். அதே போட்டியில் 8 மோட்டார் படகுகள், ஒவ்வொன்றும் நாளுக்கு 30 லிட்டர், இரண்டு நாள் ஓடினால் 480 லிட்டர், ஒரு டன்னைச் சற்றே தாண்டும். தண்ணீர் பாட்டில்? ஒன்றுக்கு 100 கிராம் என்று தாராளமாகவே வைத்து, ஆயிரம் பாட்டில் போட்டாலும் 100 கிலோதான். யாராவது விமானத்தில் வந்தால் இந்தக் கணக்கே வேறு. கண்டம் தாண்டிப் போய்வரும் ஒரே ஒரு பயணி ஒரு டன் அளவுக்குச் சேர்த்துவிடுவார்.

ஆக, காற்றுக் கணக்கில் ஆளும் படகும் வந்து சேருவதுதான் பெரிய செலவு. அதைக் குறைக்காமல் மற்றதையெல்லாம் செய்துவிட்டுப் பசுமைப் போட்டி என்று பேனர் கட்டுவது, அண்டாவில் ஓட்டையை விட்டுவிட்டு டம்ளரைத் துடைப்பது மாதிரி.

இங்கே இரண்டு வழிகள் மோதுகின்றன. ஒன்று, போட்டி நடத்துபவர்களே ஒரே மாதிரிப் படகுகளைக் கொடுப்பது. ஜெர்மனியில் 2013-ல் தொடங்கிய பாய்மரப் படகு லீக் இதற்கு நல்ல சாட்சி. 18 கிளப்புகள் மோதும், படகு ஆறே ஆறுதான். எல்லாம் ஜே70 என்ற ஒரே வகை. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த குழு ஏறிக்கொள்ளும். பதினெட்டு டிரெய்லர் வரவேண்டிய இடத்தில் ஆறு படகை நகர்த்தினால் போதும், குழுக்கள் ரயிலிலேயே வந்துவிடலாம்.

குறையும் இருக்கிறது. நடுத்தண்ணீரில் ஆள் மாற்றுவதற்கு ரப்பர் படகுகள் அங்குமிங்கும் ஓடவேண்டும், அதற்கும் எரிபொருள்தான். தன் படகை வருடக்கணக்காகச் சீர்செய்து வைத்திருப்பவருக்கு அடுத்தவர் ஓட்டிவிட்டு இறங்கிய படகில் ஏறுவது பிடிக்காது. ஒரு படகு அடிபட்டால் அட்டவணையே சாய்ந்துவிடும்.

இன்னொரு வழி, சொந்தப் படகையே கூட்டாக ஏற்றி வருவது. குழந்தைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம், வெறும் படகு 35 கிலோ. ஒரே டிரெய்லரில் அடுக்கடுக்காக ஏழெட்டு ஏற்றலாம். ஒற்றை ஆள் ஓட்டும் இல்கா படகும் (பழைய பெயர் லேசர்) அப்படித்தான், அடுக்கி வைக்கலாம். கிளப்புக்குப் புதிதாக எதுவும் வாங்கும் செலவில்லை. யார் யாரோடு வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட ஒருவர் உட்காரவேண்டும், அவ்வளவுதான். எட்டு கார் இரண்டாகக் குறைந்தால் முக்கால்வாசி மிச்சம். இத்தனை மலிவான வழியை ஏன் எல்லோரும் முதலில் எடுப்பதில்லை என்றால், போட்டோவில் இது தெரியாது. புது மின்படகு தெரியும்.

நீர்க் கணக்கில் பொதுப்படகுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் உண்டு. ஏரி விட்டு ஏரி போகும் படகின் அடியிலும், உள்ளே தேங்கிய தண்ணீரிலும், கயிற்று மடிப்பிலும் அந்நிய உயிரினங்கள் பயணம் செய்யும். வட அமெரிக்க ஏரிகளை அலைக்கழித்த வரிக்குதிரைச் சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியதில் டிரெய்லரில் போன படகுகளுக்குப் பங்குண்டு. சொந்தப் படகோடு வருபவர்கள் பார்த்து, கழுவி, நன்றாகக் காயவைத்து இறக்கவேண்டும். இதை விதியாகவே வைக்கலாம். ஒரு தண்ணீர்க் குழாயும், கழுவிய அழுக்கு மீண்டும் ஏரிக்குள் போகாத ஒரு இடமும் போதும்.

பெட்ரோலா, மின்சாரமா, ஹைட்ரஜனா?

மோட்டார் படகு காற்றுக் கணக்கில் இரண்டாம் இடம்தான் என்றாலும் நீர்க் கணக்கில் முன்வரிசையில் நிற்கிறது. பழைய கார்புரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) ஊற்றும் எரிபொருளில் 30 சதவீதம் வரை எரியாமலேயே வெளியேறும். அவுட்போர்டின் புகைவாய் இருப்பது தண்ணீருக்குள்ளே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு மோட்டார் இன்னும் கிளப்பில் இருந்தால், மின்சாரம் பற்றிப் பேசுவதற்கு முன் அதை ஃபோர் ஸ்ட்ரோக்காக மாற்றுவதே பெரிய வெற்றி.

சரி, மின்சாரம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் முக்கால் பங்கை இன்ஜின் வெப்பமாக வீணடித்து, இரண்டு யூனிட் சொச்சத்தைத்தான் விசிறிக்குக் கொடுக்கும். அப்படி வீணடித்தும் 20 லிட்டர் டேங்க் 40 யூனிட்டுக்கு மேல் வேலை செய்துவிடும், எடையோ 15 கிலோ. அதே 40 யூனிட்டுக்கு லித்தியம் பேட்டரி வைத்தால் 250 கிலோவுக்கு மேல் போகும். 30 கிலோவாட் வாங்கிக்கொண்டு சீறிப் பாயும் படகில் அந்தப் பேட்டரி ஒன்றேகால் மணி நேரத்தில் படுத்துவிடும். அதே பேட்டரியை மெல்ல ஊர்ந்து போகும், 3 கிலோவாட் மட்டும் கேட்கும் படகில் வைத்தால் நாள் முழுக்கத் தாங்கும்.

விடை இங்கேயே இருக்கிறது. நடுவர் படகு காலையில் போய் நங்கூரமிட்டால் மாலைவரை அசையாது. மின்மோட்டாருக்கென்றே அளவெடுத்த வேலை. இரைச்சலும் புகையும் இல்லாமல் நடுவர்கள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பது ஒரு உபரி லாபம். மிதவை வைக்கும் படகும் பெரும்பாலும் காத்திருக்கிற படகுதான், அதுவும் மாறலாம். ஆனால் பாதுகாப்புப் படகில் எனக்குத் தயக்கம் உண்டு. திடீரென்று காற்று வலுத்து பத்துப் படகு ஒன்றாகக் கவிழும்போது, பேட்டரி எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு இன்னும் கொஞ்ச காலம் பெட்ரோலே இருக்கட்டும்.

ஹைட்ரஜனுக்கு ஒரு பளபளப்பான முன்னுதாரணம் இருக்கிறது. எமிரேட்ஸ் டீம் நியூசிலாந்து என்ற பாய்மரப் பந்தய அணி 2022-ல் சேஸ் ஜீரோ என்ற படகை இறக்கியது. 10 மீட்டர் நீளம், ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் டொயோட்டாவின் எரிபொருள் கலம், தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் இறக்கைகள். 2024-ல் பார்சிலோனாவில் நடந்த அமெரிக்காஸ் கப் பாய்மரப் போட்டிக்கு வந்த அணிகளும் ஹைட்ரஜன் துணைப்படகு வைத்துக்கொள்ளவேண்டும் என்றே விதி போட்டார்கள். பொறியியலாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் பிரித்தெடுத்ததாக இல்லாவிட்டால் புகை இங்கிருந்து அங்கே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. சாதாரண கிளப்புக்கு நிரப்பும் நிலையம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கோடீஸ்வரர்களின் சோதனைக்கூடமாக அது அங்கேயே நடக்கட்டும், கெடுதல் இல்லை.

இதற்கெல்லாம் போட்டியாக, யாரும் அதிகம் பேசாத நான்காவது வழி ஒன்று: படகையே குறைப்பது. ஒவ்வொரு அணிப் பயிற்சியாளரும் தனித்தனி மோட்டார் படகில் சுற்றுவதற்குப் பதில் மூன்று பேர் ஒரு படகைப் பகிர்ந்துகொண்டால் அங்கே எரிபொருள் மூன்றில் ஒரு பங்காகிறது. பேட்டரி வேண்டாம், சார்ஜர் வேண்டாம். எதிரணிப் பயிற்சியாளரோடு நாள் முழுக்க ஒரே படகில் உட்காரும் பொறுமை மட்டும் வேண்டும். அதுதான் கிடைப்பதில்லை.

நங்கூரமா, ரோபோவா?

காற்று திசை மாறினால் மிதவையை இடம் மாற்றவேண்டும். நங்கூரத்தை இழுத்து, வேறிடத்தில் போட்டு, மறுபடி இழுத்து. மணல் தரையில் இதனால் பெரிய கேடில்லை. கடற்புல் தரையில் கேடு உண்டு. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் பொசிடோனியா ஓசியானிகா என்ற கடற்புல் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு நங்கூரம் கிழித்த இடம் மூட எத்தனை வருடம் ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீன்குஞ்சுகள் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான், கரியைப் பிடித்து அடியில் புதைத்து வைப்பதும் அதுதான்.

ரோபோ மிதவைக்கு நங்கூரமே கிடையாது. ஜிபிஎஸ் சொன்ன இடத்தில் சின்ன மின்மோட்டார் அதை நிறுத்தி வைக்கும், கைப்பேசியில் தட்டினால் நகரும். மிதவை வைக்கும் படகின் ஓட்டமும் பெருமளவு மிச்சம். இரண்டு கணக்கிலும் மதிப்பெண் வாங்கும் அபூர்வமான பொருள் இது. ஆனால் விலை அதிகம், வலுவான நீரோட்டத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பாசி சுற்றிக்கொண்டால் விசிறி நின்றுவிடும். வருடத்துக்கு இரண்டு போட்டி நடத்தும் கிளப் தனியாக வாங்கினால் முட்டாள்தனம். நாலைந்து கிளப் சேர்ந்து வாங்கினால் சரிவரும். அதுவரை, கடலடி வரைபடத்தைப் பார்த்து மணல் உள்ள இடமாகப் பந்தயப் பாதையைத் தள்ளிப் போடுவது இலவசம்.

படகின் அடியில் பூசுவது

போட்டி நாட்களில் படகைத் தண்ணீரிலேயே விட்டுவைப்பதா, தினமும் கரையேற்றுவதா என்பதும் ஒரு தேர்வுதான். தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குப் பாசி பிடிக்காத பூச்சு தேவை. ஒரு காலத்தில் அதில் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. பிரான்சின் அர்காஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பையே அது முடக்கிப்போட்டது. 2008-ல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்பாடு அதைத் தடை செய்தது. இன்றைய பூச்சுகளில் பெரும்பாலும் செம்பு. அதுவும் உயிரைத் தள்ளிவைக்கிற நஞ்சுதான், அளவு வேறு. சிறு படகுகளைத் தினமும் கரையேற்றினால் பூச்சே வேண்டாம்.

பாட்டில், கோப்பை

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். சொந்தப் பாட்டில் கொண்டுவரச் சொல்லி, நிரப்பிக்கொள்ளக் குழாய் வைப்பது எல்லாவற்றையும் வென்றுவிடும். ‘மக்கும்’ என்று எழுதிய பிஎல்ஏ (தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கோப்பையில் ஏமாறவேண்டாம். அது மக்குவதற்கு 60 டிகிரி அளவு சூடுள்ள தொழிற்கூட உரக்குழி வேண்டும். கடலில் விழுந்தால் சாதாரண பிளாஸ்டிக் மாதிரியே நெடுங்காலம் சிதையாமல் கிடக்கும். காற்றுக் கணக்கில் பாட்டில் பொடியன் என்று மேலே பார்த்தோம். நீர்க் கணக்கில் அப்படியில்லை, ஏனென்றால் இங்கே காற்றடித்தால் குப்பைத்தொட்டி நேரே தண்ணீரில்தான் கவிழும்.

தண்டனையா, பரிசா?

பந்தய விதிப் புத்தகத்தில் 47-ம் விதி என்று ஒன்று இருக்கிறது. போட்டியாளரோ அவருக்குத் துணையாக வந்தவரோ வேண்டுமென்றே குப்பையைத் தண்ணீரில் போடக்கூடாது. மீறினால் தண்டனை உண்டு. நல்ல விதி. ஆனால் குப்பையைத் தாண்டி அதற்குக் கை நீளாது. 300 கிலோமீட்டர் தனியாகக் கார் ஓட்டி வந்தவரை அது ஒன்றும் கேட்காது.

செயில்ஜிபி என்ற பாய்மரப் பந்தயத் தொடர் பரிசுப் பக்கத்திலிருந்து வந்தது. 2021-ல் தொடங்கிய இரண்டாவது பருவத்திலிருந்து, தண்ணீரில் நடக்கும் பந்தயத்துக்குப் பக்கத்திலேயே அணிகளின் சுற்றுச்சூழல் செயல்பாட்டுக்கும் புள்ளி போட்டு இரண்டாவது பட்டியல் ஒன்று ஓடத் தொடங்கியது. உலகம் சுற்றும் தொடர் என்பதால் அதன் சரக்குப் போக்குவரத்தே பெரிய சுமை என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்தக் கேலியில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும், புள்ளி என்றால் பாய்மரக்காரர்களுக்குக் கை பரபரக்கும் என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

மரம் நட்டு ஈடுகட்டுவதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. குறைத்தது போக மிஞ்சியதற்கு அதைச் செய்யலாம். குறைப்பதற்குப் பதிலாகச் செய்தால் அது ரசீது வாங்கும் வேலை.

சின்னக் கிளப்புக்குப் புள்ளிப் பட்டியல் பெரிய விஷயமே இல்லை. பெயர்ப் பதிவுப் படிவத்தில் நான்கு கேள்வி சேர்த்தால் ஆயிற்று: எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள், அந்த வண்டியில் எத்தனை பேர், எத்தனை படகு? பரிசளிப்பு அன்று கோப்பைகளுக்கு முன்னால் அந்த எண்களை வாசித்துவிடலாம். அடுத்த வருடம் யாரோடு யார் டிரெய்லரைப் பகிர்வது என்ற பேச்சு அந்த மேடையடியிலேயே தொடங்கிவிடும்.