45 டாலர் போச்சு: ‘ஸ்பைடர்மேன் 2.1’ டிவிடி தேடுகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், அங்கங்கே தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் தங்களிடம் இருக்கும் பழைய டிவிடிகளை ஒருவருக்கொருவர் விற்று வாங்கும் ஒரு இணையச் சந்தை. பெயர் சொல்லப் போவதில்லை. அதில் ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தின் எக்ஸ்டெண்டட் பதிப்பு என்று சொல்லி 45 டாலர் வாங்கிக்கொண்டு, தியேட்டரில் ஓடிய அதே பழைய பதிப்பைத் தலையில் கட்டிவிட்டார் ஒரு ஆள். தியேட்டர் பதிப்பு என் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது!

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாம் ரைமி இயக்கிய இந்த இரண்டாம் பாகம் 2004-ல் வந்தது, 127 நிமிடம். மூன்றாம் பாகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், 2007-ல், எட்டு நிமிடம் சேர்த்து ‘2.1’ என்று பெயர் போட்டு ஒரு டிவிடி விட்டார்கள். அதுதான் எனக்கு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

“ஒரிஜினல்தானே?” என்று கேட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தேன். அந்த ஆள் ஆமாம் இல்லை என்று சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி காட்சியில், வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் முதுகோடு ஒட்டிக்கொண்ட இரும்புக் கைகளை டாக்டர்கள் வெட்ட வரும்போது, பின்னணி இசையே இல்லாமல் அலறலும் நிழலும் தரையைப் பிறாண்டும் விரலுமாக விட்டிருப்பதைக் கவனித்தீர்களா, பேய்ப்படம் எடுத்துப் பழகிய ரைமியின் கை அங்கே தெரிகிறதே என்று எழுதினார். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த இடமே அதுதான். அப்புறம் அந்த வில்லனாக நடித்த ஆல்ஃபிரட் மொலினா பற்றி. அந்தக் கைகளில் நிறையக் காட்சிகள் கம்ப்யூட்டர் வேலை இல்லை, பொம்மலாட்டக்காரர்கள் ஆளுக்கொரு பகுதியாகப் பிடித்து ஆட்டியது, மொலினா அவற்றுக்கு லாரி, ஹாரி, மோ, ஃப்ளோ என்று பெயரே வைத்திருந்தார் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் உண்மைதான். ரயில் சண்டையின் ஒரு பகுதியை நியூயார்க்கில் எடுக்கவில்லை, சிகாகோவின் மேம்பால ரயில் பாதையில் எடுத்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. முகமூடி இல்லாமல் மயங்கிக் கிடக்கும் பையனைப் பயணிகள் தலைக்கு மேல் தூக்கி உள்ளே கொண்டுபோகும் அந்த இடத்தைப் பற்றி இரண்டு பேரும் மாறி மாறி எழுதிக்கொண்டோம். ஒரு சூப்பர்ஹீரோ சீக்வல் என்றால் வில்லனை இரண்டாக்கு, குண்டைப் பெரிதாக்கு என்று ஓடும்போது, இந்தப் படம் வாடகை கட்ட முடியாத, பீட்சா டெலிவரி வேலையும் போன ஒரு பையனை நடுவில் வைத்து, அவனுக்கு அந்தச் சக்தியே சுமையாகிப் போவதைக் கதையாக்கியது. இன்றைக்கும் இதற்கு ஈடான இரண்டாம் பாகம் எனக்குத் தோன்றவில்லை. மொலினாவின் டாக்டர் ஆக்டோபஸும் உலகை ஆளக் கிளம்பியவர் இல்லை, மனைவியையும் வேலையையும் ஒரே நாளில் பறிகொடுத்த விஞ்ஞானி. அதனால்தான் அவர் மேல் கோபமே வராது.

நான் விழுந்த இடம் இந்தப் புகழ்ச்சி இல்லை. படத்தின் குறைகளை அவரே எடுத்துப் பேசினார் பாருங்கள், அங்கேதான். கதாநாயகி மேரி ஜேனை முதல் பாகத்தைப் போலவே மறுபடியும் கடத்திக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றார். வில்லன் உண்டாக்கிய, நகரத்தையே விழுங்கப்போகும் ஒரு குட்டிச் சூரியனை ஆற்றில் முக்கி அணைப்பது என்ன விஞ்ஞானம் என்று சிரித்தார். ஸ்பைடர்மேனான பீட்டருக்குச் சக்தி எப்போது போகும் எப்போது வரும் என்பதற்கு ஒரு விதியும் கிடையாது, திரைக்கதைக்குத் தேவைப்படும்போது வந்து நிற்கும் என்றார். வில்லன் மனம் மாறுவதும் கிளைமாக்ஸில் நாலு வசனத்தில் முடிந்துவிடுகிறது. பீட்டரின் நண்பன் ஹாரி கடைசியில் அப்பாவின் ரகசிய அறையைக் கண்டுபிடிப்பது இந்தப் படத்துக்கான முடிவே இல்லை, அடுத்ததற்கான விளம்பரம். இதில் ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன். விற்கிற பொருளையே குறை சொல்கிற ஆள் பொய் சொல்ல மாட்டார் என்று யாருக்குத்தான் தோன்றாது? கூடவே, “பத்திரிகை ஆசிரியர் ஜேம்சன் ஸ்பைடர்மேன் உடையைப் போட்டுக்கொண்டு ஆபீஸில் ஆட்டம் போடும் காட்சி இதில் இருக்கிறது, அதற்கே கொடுத்த காசு தகும்” என்று ஒரு வரி. உடனே 45 டாலர் கட்டினேன்.

வந்த டப்பா பளபளவென்று இருந்தது, அட்டையில் 2.1. போட்டுப் பார்த்தேன். லிஃப்ட் காட்சி வந்தது, பழைய வசனங்களே. நீண்ட பதிப்பில் அந்தக் காட்சி வேறு மாதிரி போகும். சரி என்று காத்திருந்தால் ஜேம்சன் உடையைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார், அவ்வளவுதான், போட்டுக்கொள்ளவே இல்லை. மொத்த நேரம் பார்த்தால் 127 நிமிடம். டிஸ்க்கை வெளியே எடுத்து விளிம்பை நகத்தால் நெருடினேன், மேலே இருந்தது அச்சே இல்லை, ஒட்டின காகிதம், பிரிந்து கையோடு வந்துவிட்டது.

அந்த ஆளுக்கு எழுதினேன். முன்பு பத்தி பத்தியாக எழுதியவர் இப்போது ஒரே வரி: “இது ஐரோப்பிய டிஸ்க், வேகமாக ஓடும், நேரம் குறைத்துத்தான் காட்டும்.” கேட்கச் சரியாகத்தான் இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25-ல் ஓட்டுவதால் அந்த வகை டிஸ்க்குகளில் படம் நான்கு சதவீதம் சுருங்கும், அது நிஜம். ஆனால் 135 நிமிடம் அப்படிச் சுருங்கினால் ஏறக்குறைய 129 அரை வரும், 127 வராது. அதுவும் போகட்டும், வேகமாக ஓடினால் ஜேம்சன் உடையைக் கழற்றிவிடுவாரா? இதைக் கேட்டதும் பதில் நின்றுவிட்டது.

சந்தைக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். “டிஸ்க் ஓடுகிறதா?” ஓடுகிறது. “படம் ஸ்பைடர்மேன் 2 தானா?” ஆமாம். “அப்படியென்றால் பொருளில் குறைபாடு இல்லை” என்று புகாரை மூடிவிட்டார்கள். பிரிந்த காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பித் திரும்பத் திறக்க வைத்தேன். இந்த முறை வேறொருவர் வந்து, உறை பிரித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். உறை பிரிக்காமல் உள்ளே என்ன படம் இருக்கிறது என்று எப்படிங்க பார்ப்பது என்று கேட்டதற்கு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு மெயில் வந்தது. 45 டாலருக்கு இந்த மரியாதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அந்த எட்டு நிமிடம் படத்தை ஒன்றும் தூக்கி நிறுத்திவிடாது. நான் முன்பு ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன குறைகளில் ஒன்றுகூட அதில் தீரவில்லை. ஜேம்சன் ஆட்டத்தில், அவராக நடித்த ஜே. கே. சிம்மன்ஸ் சிரிக்க வைப்பார்தான், ஆனால் ஸ்பைடர்மேன் இல்லாமல் ஊரே தவிக்கிறது என்று படம் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது கிச்சுகிச்சு மூட்டிக் கெடுக்கிறது, தியேட்டருக்கு அனுப்பும்போது வெட்டினார்களே, சரியாகத்தான் வெட்டினார்கள். அதற்காக? நான் காசு கொடுத்தது 135 நிமிடத்துக்கு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஜேம்சன் உடை போட்ட காட்சியை டிவியில் நிறுத்தி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மொத்த நேரம் தெரியும் திரையையும் கேளுங்கள். டப்பாவைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். படத்தைப் பற்றி எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் டிஸ்க்கைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள். அந்த ஆளின் பக்கத்தில் இன்று காலை மறுபடியும் 2.1 விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே புகைப்படம், அதே 45 டாலர்.