முதல்முறை பாய்மரப் பந்தயம்: சின்ட் மார்ட்டனா, ஆக்லாந்தா, கட்டமரானா?

க்ரூஸ் கப்பல் ஒரு துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறது என்றால் நமக்கு உருப்படியாகக் கிடைப்பது ஐந்து மணி நேரம்தான். இறங்கும் வரிசை, ஏறும் வரிசை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் போக மிச்சம் அவ்வளவே. அதற்குள் பாய்மரப் படகு ஒன்றில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்று நான்கு வழிகள் உண்டு. விளம்பரப் படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: நீலக் கடல், வெள்ளைப் பாய், சிரித்த முகங்கள். ஏறிப் பார்த்தால்தான் ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள தூரம் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு வேலையைக் கொடுக்கிற படகில் ஏறுங்கள். நம்மை உட்காரவைத்துக் கூட்டிப்போகிற படகு அதற்கு அடுத்துத்தான். பாய் என்றால் என்ன, சுக்கான் என்றால் என்ன என்பதற்கு மேல் எதுவும் தெரியாத நிலையில் பந்தயப் படகில் ஏறியவன் நான். அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு என்னென்ன கவலை இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சின்ட் மார்ட்டன். கரீபியனில் வடக்குப் பாதி பிரான்சுக்கும் தெற்குப் பாதி நெதர்லாந்துக்கும் உட்பட்ட சின்னத் தீவு அது. 1648-இல் போட்ட ஒப்பந்தப்படி அந்தப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. கப்பல்கள் வந்து நிற்பது தெற்குப் பக்கம், பிலிப்ஸ்பர்க்கில். அங்கே 12 மீட்டர் வகுப்புப் படகுகளில் பயணிகளையே மாலுமிகளாக்கிப் பந்தயம் விடுகிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 12 மீட்டர் என்பது படகின் நீளம் இல்லை. நீளம், சுற்றளவு, பாயின் பரப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் வரும் விடைதான் 12. படகின் உண்மையான நீளம் 20 மீட்டர் அளவுக்கு இருக்கும்.

1958 முதல் 1987 வரை, பாய்மரப் பந்தயத்தின் பெரிய பரிசான அமெரிக்கா கோப்பைக்காக மோதியவை இந்த வகுப்புப் படகுகள்தான். கோப்பையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் ஏறும்போதே மனம் வேறு மாதிரி இருக்கும். 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்ததால் கோப்பைக்கு அந்தப் பெயர். அதன்பின் 132 ஆண்டுகள் அமெரிக்கர்களை யாராலும் அசைக்க முடியவில்லை. 1983-இல் 'ஆஸ்திரேலியா 2' என்ற படகு, அடிக்கட்டையில் சிறகு வைத்த புதிய வடிவமைப்போடு வந்து 4-3 என்று கோப்பையைத் தட்டிச் சென்றது. தோற்ற அணியின் தலைவர் டென்னிஸ் கானர். நான்கே ஆண்டில், 1987-இல், ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் கடலுக்கே போய் 4-0 என்று அதை மீட்டு வந்தார் அவர். அவரை ஜெயிக்கவைத்த 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் 87' இதே சின்ட் மார்ட்டனில் நம்மைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. 'கனடா 2', 'ட்ரூ நார்த்' ஆகியவையும் அந்தக் காலத்துப் படகுகளே. ஒலிம்பிக் வீரர் ஓடிய அதே தடத்தில் அவருடைய காலணியையே மாட்டிக்கொண்டு ஓடிப் பார்ப்பதற்குச் சமம் இது. வேறு எந்த விளையாட்டில் இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்கும்?

கரையிலேயே வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது கிரைண்டர் வேலை. படகின் நடுவே இடுப்புயரக் கம்பம் ஒன்று. அதன் தலையில் சைக்கிள் பெடலைப் போல இரண்டு பக்கமும் கைப்பிடி. எதிரெதிரே இருவர் நின்று சுற்றினால் விஞ்ச் உருளையில் கயிறு ஏறி, முன்பாய் உள்ளே வரும். ஒரு திசையில் சுற்றினால் கயிறு வேகமாக ஏறும். காற்றின் இழுவை கூடிக் கை அப்படியே நின்றுபோகும்போது திசையை மாற்றிச் சுற்ற வேண்டும். பல்சக்கரம் மாறிவிடும், மெதுவாக ஏறினாலும் பலமாக இழுக்கும். இதைக் கரையில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. கடலில் முதல் திருப்பத்தின்போது கை தானாகப் புரிந்துகொண்டது.

அந்த முதல் திருப்பத்தை மறக்க முடியாது. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. காற்றின் திசையிலிருந்து ஏறக்குறைய 40 டிகிரி விலகி ஒரு பக்கம் போய், திரும்பி மறுபக்கம் போய், அப்படியே வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் டேக் என்று பெயர். சுக்கானில் நின்றவர் ‘டேக்கிங்!’ என்று கத்தினார். படகின் மூக்கு காற்றைக் கடந்தது. தலைக்கு மேலே பாய் படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. இந்தப் பக்கக் கயிறு விடுபட்டது. அந்தப் பக்கக் கயிறை இழுத்தார்கள். ‘சுற்று, சுற்று, சுற்று!’ என்று குரல். இருபது முப்பது விநாடிதான் இருக்கும். மேல்மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது, இதுவரை மேட்டில் இருந்த பக்கம் பள்ளமாகி, தளத்தின் ஓரத்தைத் தண்ணீர் வழித்துக்கொண்டு போனது. பாயைப் பார்த்தேன். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. அதை உள்ளே கொண்டுவந்ததில் என் கைக்கும் பங்கு இருந்தது.

இந்தப் படகின் வேகம் மணிக்கு ஒன்பது, பத்து நாட்டிகல் மைல்தான். கரையில் சைக்கிள் மிதிக்கும் வேகம். ஆனால் இருபது டிகிரிக்கு மேல் சாய்ந்து, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கிறவனுக்கு அந்த வேகம் மூன்று மடங்காகத் தெரியும். எதிரே இன்னொரு படகு குறுக்கே வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு வரும் படகுக்கே வழி. இடப்பக்கம் வாங்குகிறவர் ஒதுங்க வேண்டும். 'ஸ்டார்போர்ட்!' (வலப்பக்கம்) என்று எங்கள் தலைவர் குரல் கொடுத்ததும் எதிர்ப்படகு எங்கள் பின்பக்கமாகச் சரிந்து போனது. அந்தப் படகில் கயிறு பிடித்திருந்தவர்களின் முகம் தெரிகிற தூரம்.

எல்லா வேலையும் ஒன்றல்ல. கிரைண்டருக்குத் தோளும் மூச்சும் வேண்டும். டிரிம்மர் என்றால் விஞ்சிலிருந்து வரும் கயிறின் வாலைப் பிடித்து இழுப்பவர். பலத்தைவிடக் கவனம் முக்கியம், விரல் உருளைக்கு அருகே போகவே கூடாது. தொடக்கக் கோட்டைச் சரியான விநாடியில் கடப்பதற்காகக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் சொல்ல ஒருவர் உண்டு. அதை எளிய வேலை என்று ஒதுக்காதீர்கள். கொடி இறங்கும் நொடிக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். பந்தயம் பாதி அங்கேயே முடிவாகிவிடும். பானம் ஊற்றிக் கொடுப்பதற்கும் ஓர் ஆள். முழங்கால் வலி உள்ளவர்கள் நேரக் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எதையும் கேட்காமல் பின்வரிசையில் நின்றால் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

குறையும் உண்டு. இவை பந்தயத்துக்கென்றே கட்டியவை. சாய்ந்து உட்கார இருக்கை கிடையாது, நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. திருப்பத்தின்போது தாழ்ந்த பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கத்துக்கு ஏற வேண்டிவரும். இடுப்பு, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது ஆக்லாந்து. நியூசிலாந்துச் சுற்றில் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். கப்பல் நிற்கும் குயின்ஸ் வார்ஃபிலிருந்து வயடக்ட் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து கிளம்பும் என்இஸட்எல் 40, என்இஸட்எல் 41 ஆகிய இரண்டு படகுகளும் 12 மீட்டர் வகுப்புக்கு அடுத்து வந்த தலைமுறை. 1992 முதல் 2007 வரை அமெரிக்கா கோப்பை இந்த வகுப்பில்தான் நடந்தது. முந்தைய தலைமுறையில் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் 87' அலுமினியம். இவை கார்பன் இழை. பாய்மரம் 30 மீட்டரைத் தாண்டும். சுமார் 25 டன் எடையில் பெரும்பங்கு, அடியில் தொங்கும் ஈயக் குமிழில் இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு பெரிய பாயைத் தூக்கிக்கொண்டும் கவிழாமல் நிற்கிறது.

அந்த ஊரின் நெஞ்சில் இந்த விளையாட்டு எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதைச் சொல்லாமல் ஆக்லாந்தைப் பற்றிப் பேச முடியாது. 1995-இல் சான் டியாகோவில் நியூசிலாந்து 5-0 என்று கோப்பையை வென்றது. 2000-இல் இதே கடலில் அதைக் காத்தார்கள். 2003-இல் இதே கடலில் பாய்மரம் முறிந்து விழுந்து, 5-0 என்று சுவிட்சர்லாந்தின் அணியிடம் பறிகொடுத்தார்கள். கடலே இல்லாத நாடு! இடையில் மீட்டுக்கொண்ட கோப்பையை 2021-இல் மறுபடி இங்கேயே 7-3 என்று காத்தார்கள். 1995-இல் ஜெயித்த கறுப்புப் படகு துறைமுகத்தை ஒட்டிய கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பந்தயத்துக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சின்ட் மார்ட்டனுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு, இங்கே இரண்டே படகுகள். ஒன்றுக்கொன்று நேருக்கு நேர். தொடக்கத்துக்கு முன்னால் எதிரியைச் சுற்றிச் சுற்றி மடக்கப் பார்க்கிற ஆட்டம் இதில்தான் உண்டு. எனக்கு அது பந்தயத்தைவிடச் சுவையாக இருந்தது. இன்னொன்று, சுக்கானைப் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு. ஒரு சில நிமிடம்தான். காற்று பலமாக அடிக்கும்போது சக்கரம் உள்ளங்கையில் மெல்லத் துடிப்பதும், கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் பாயின் முன்விளிம்பு சிலிர்த்து எச்சரிப்பதும் அந்தச் சில நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கடல் வளைகுடாவுக்குள் அடங்கியிருப்பதால் அலை குறைவு. குமட்டல் பயம் உள்ளவர்களுக்கு ஆக்லாந்தே மேல். வேலை செய்ய விருப்பமில்லை என்றால் வேடிக்கை பார்க்கவும் விடுவார்கள். சின்ட் மார்ட்டனில் ஆளுக்கொரு பெயரும் வேலையும் கொடுத்து விரட்டுவது எனக்குப் பிடித்தது. ஆக்லாந்தில் நாமே முன்வந்து கேட்க வேண்டும்.

கட்டமரான். இது எந்தக் கரீபியத் துறைமுகத்திலும் கிடைக்கும். இரட்டை உடல், அகலமான தளம், முன்னால் கட்டிய வலையில் படுத்துக்கொள்ளலாம். சாயாது. வழியில் நிறுத்தி, முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்க இறக்கிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு இதுதான் சரி. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பாய்மரப் பயணம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமே. நான் போன கட்டமரானில் போகும்போது கால் மணி நேரம் பாயை விரித்தார்கள். மீதி நேரமெல்லாம் எஞ்சின். நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டாயம், புரிகிறது. கயிறைத் தொட்டவர் எங்களில் யாருமில்லை.

கடற்கரையில் ஹோபி என்கிற சின்னப் பாய்ப் படகு எடுத்துப் பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் கற்பதும் உண்டு. உண்மையில் பாயோட்டக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி கிடையாது. தப்பு செய்தால் படகு உடனே கவிழ்ந்து பாடம் சொல்லும். ஆனால் கப்பல் நிற்கும் ஒரு நாளில் அதற்கு அவகாசம் பத்தாது. தனி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முன்பதிவில் கப்பல் நிறுவனம் வழியாகப் போவதா, நேரடியாகப் படகுக்காரரிடம் போவதா என்ற கேள்வி எப்போதும் வரும். நேரடியாகப் போனால் பெரும்பாலும் செலவு குறையும். ஆனால் பாய்மரப் படகுக்குக் காற்றுதான் எஞ்சின். காற்று செத்துவிட்டால் திரும்பி வருவது தாமதமாகும். கப்பல் ஏற்பாடு செய்த பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைக்கும். நாமே பதிந்துகொண்டு போனால் கப்பல் நமக்காக நிற்காது. பிலிப்ஸ்பர்க்கில் படகுத்துறை கப்பல் மேடையிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே காலைப் பந்தயமாகப் பார்த்து நேரடியாகப் பதிவதில் எனக்குப் பயமில்லை. மதியப் பந்தயம் என்றால் கப்பல் வழியாகத்தான் போவேன். கரீபியனில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கிழக்குக் காற்று நம்பும்படி அடிக்கும். அந்தப் பருவத்தில் காற்றில்லாமல் போவது அரிது.

போகும்போது அடிப்பாகம் மெத்தென்ற, தளத்தில் கோடு போடாத காலணி வேண்டும். செருப்பு வேண்டாம். விரல் நுனி திறந்த கையுறை இருந்தால் கயிறு அறுக்காது. நான் கையுறை இல்லாமல் போய் இரண்டு நாள் உள்ளங்கை எரிந்தது. தொப்பிக்குக் கயிறு, கண்ணாடிக்கும் கயிறு. குமட்டல் மாத்திரை பழக்கமிருந்தால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் பலனில்லை. கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தீவின் நேரமும் கப்பலின் நேரமும் ஒரு மணி நேரம் வேறுபடும் நாட்கள் உண்டு. மேடையில் இறங்கும்போதே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டு, கடைசியாக ஏற வேண்டிய நேரத்தை எழுதிவைத்துக்கொண்டுதான் நான் படகுத்துறைக்கு நடப்பேன்.